நாய்க்குப் பிசியோதெரபி: டேப் எடுக்காத இடத்தில் பேக்கேஜ் கட்டாதீர்கள்

முதல் நாள் பிசியோ கிளினிக் உள்ளே போனதும் டாக்டர் கையில் எதை எடுக்கிறார் என்று பாருங்கள். லேசர் குழாயை எடுத்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, தொடையை அளந்தீர்களா என்று கேளுங்கள். அளவெடுக்கும் டேப்பையும் கோணமானியையும் எடுத்தால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

கேரள-தமிழ்நாடு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையார் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு இரண்டு திசைகள் உண்டு. கிழக்கே பொள்ளாச்சியும் கோவையும், மேற்கே திருச்சூர். தமிழில் மாட்டாஸ்பத்திரி என்றும் எல்லை தாண்டினால் மிருகாஸ்பத்திரி என்றும் சொல்லும் அரசு இடங்களில் ஊசி, மருந்து, கட்டு எல்லாம் கிடைக்கும். கால் இழுத்து நடக்கும் நாய்க்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்க அவர்களுக்கு நேரமும் கிடையாது, அறையும் கிடையாது. அந்த இடத்தில்தான் தனியார் கிளினிக்குகள் லேசர், தண்ணீர்த் தொட்டி, கரண்ட் வைத்தியம், மசாஜ் என்று எல்லாவற்றையும் சேர்த்து 10 அமர்வு பேக்கேஜாக விற்கின்றன. இங்கே எந்த கிளினிக்கின் பெயரும் வராது. பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது, எது காசுக்குத் தகும், எது தகாது என்பதுதான் பேச்சு.

அளவில் தொடங்கலாம். பின்னங்கால் நோயில் முதலில் கரைவது தொடைச் சதை. நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலை நீட்டி, இடுப்பு மூட்டருகே தொடையெலும்பின் மேல்முனை முட்டித் தெரியும் இடத்திலிருந்து கீழ்நோக்கித் தொடை நீளத்தில் 70 சதவீதம் வரும் இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். தொடை 20 செ.மீ. நீளம் என்றால் மேலிருந்து 14 செ.மீ. கீழே. அந்த இடத்தைக் குறித்து வைக்காமல் இன்று மேலே, அடுத்த வாரம் கீழே என்று சுற்றினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் அதே ஆள் அளக்க வேண்டும், டேப் சதையை அமுக்கக் கூடாது. அரை செ.மீ. கூடிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால் நம்ப வேண்டாம். கை வாகு மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வரும்.

கோணமானியில் பார்க்க வேண்டியது முட்டி எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்பது. நல்ல லாப்ரடாரின் பின்னங்கால் முட்டி ஏறக்குறைய 42 டிகிரி வரை மடங்கும், 162 டிகிரி வரை நீளும். முட்டி லிகமெண்ட் (எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நார்) ஆபரேஷன் முடிந்த நாய் நீட்டும் பக்கத்தில்தான் அதிகம் இழக்கும். அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது அளவு பாரம். குளியலறை எடை மெஷின் இரண்டு, ஒரே மாடலில், பின்னங்கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முன்னங்கால்களுக்குக் கீழே அதே உயரத்தில் பலகை. நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்காலிலும் 40 சதவீதத்தைப் பின்னங்காலிலும் தாங்கும். 30 கிலோ நாய் என்றால் பின்னங்கால் ஒன்றுக்குச் சுமார் 6 கிலோ. ஒரு பக்கம் 7, மறுபக்கம் 3.5 என்று காட்டினால் எங்கே வலி என்று நாயே சொல்லிவிட்டது. தலை ஒரு பக்கம் திரும்பினாலும் பாரம் மாறும் என்பதால் நேராகப் பார்க்கவைத்து ஐந்து முறை எடுக்க வேண்டும். இந்த மெஷினை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். பேக்கேஜ் பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

எக்ஸ்ரே பார்க்காமல், டாக்டர் கையால் பரிசோதிக்காமல் பிசியோ ஆரம்பிக்கும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முக்கியமாக டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர்கள். அந்த நீள முதுகு நாய் நேற்று ஓடி இன்று பின்னங்காலை இழுத்தால் முதுகெலும்பு டிஸ்க் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கால்விரலைக் குறடால் அழுத்தமாகக் கிள்ளும்போது நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். காலை மட்டும் மடக்கி இழுத்துக்கொண்டால் அது வெறும் அனிச்சை, உணர்வு ஆகாது. இந்த ஆழ்வலி உணர்வு இருக்கும்போதே ஆபரேஷன் ஆன நாய்களில் பத்தில் ஒன்பது மறுபடி நடக்கும். உணர்வு போய்விட்டால் பாதிதான் தேறும், அதுவும் நேரத்தோடு நடக்கும் போட்டி. அப்படிப்பட்ட நாய்க்கு “பத்து அமர்வு லேசர் கொடுத்துப் பார்ப்போம்” என்று சொல்பவர் நாயின் காலை எடுத்துக்கொள்கிறார். திருச்சூரின் மண்ணுத்தி, கோக்காலை ஆகிய இடங்களில் உள்ள கேரளக் கால்நடைப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளுக்கோ, முதுகு ஆபரேஷன் செய்யும் தனியார் இடத்துக்கோ அன்றைக்கே போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பிசியோ அதற்கு அப்புறம்.

லேசர் விஷயத்தில்தான் கண்கட்டு அதிகம். லேசர் வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. மூட்டு வலியில் சரியான அளவில் கொடுத்தால் பல நாய்களுக்குப் பலன் தெரிகிறது. அளவு என்பது வெளிச்சம் எரிந்த நேரம் அல்ல, ஒரு சதுர செ.மீ. தோலுக்குக் கொடுத்த ஆற்றல், ஜூல் கணக்கில். ஆழமான மூட்டுக்கு 8 முதல் 10 ஜூல் வேண்டும். லாப்ரடாரின் முட்டியைச் சுற்றிலும் கணக்கிட்டால் ஏறக்குறைய 100 சதுர செ.மீ. வரும். 8 ஜூல் என்றால் மொத்தம் 800 ஜூல். 4 வாட் மெஷினில் அதற்கு 200 வினாடி, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதே 800 ஜூலை 100 மில்லிவாட் கைக்கருவியில் கொடுக்க 8,000 வினாடி வேண்டும், அதாவது 2 மணி 13 நிமிடம். சின்னக் கருவியை முட்டியில் இரண்டு நிமிடம் காட்டிவிட்டு அமர்வுக் கணக்கில் எழுதினால், கொடுத்தது 12 ஜூல். இந்தப் பெருக்கலை (வாட் × வினாடி = ஜூல்) போனிலேயே போட்டுப் பார்க்கலாம். “உங்கள் மெஷின் எத்தனை வாட், இன்றைக்கு மொத்தம் எத்தனை ஜூல்” என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் லேசர் வேண்டாம்.

பலமான மெஷினுக்கு அதற்கே உரிய ஆபத்தும் உண்டு. குழாயை ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் வெந்துபோகும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பு முடி வெளிச்சத்தைத் தானே விழுங்கிச் சூடாகும், உள்ளே போவது குறையும். ஆகவே கறுப்பு லாப், ராட்வைலருக்கு முடியை மழித்துவிட்டு, குழாயை நகர்த்தும் வேகத்தைக் கூட்டி, இன்னொரு கையால் தோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். தோலில் தைலம் இருந்தால் துடைத்துவிட வேண்டும். அறையில் இருக்கும் எல்லாருக்கும், நாய்க்கும் சேர்த்து, அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி வேண்டும். கூலிங் கிளாஸ் போதாது. கட்டி இருக்கும் இடத்திலும், வளரும் குட்டியின் எலும்பு முனையிலும், சினை வயிற்றிலும் லேசர் படக் கூடாது. முதல் வாரம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு, மூன்றாவது வாரம் ஒன்று என்று ஆறு முறை கொடுத்தும் எடை மெஷின் எண் நகரவில்லை என்றால் ஏழாவதுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பேக்கேஜில் நிஜமாகவே காசுக்குத் தகுந்தது தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் ட்ரெட்மில். காரணம் எளிது. தண்ணீர் இடுப்பு மூட்டு வரை நின்றால் நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் 38 சதவீதம் மட்டும். முட்டி வரை நின்றால் 85, பின்கணுக்கால் வரை மட்டும் என்றால் 91. 30 கிலோ நாய் இடுப்பளவு தண்ணீரில் 11 கிலோ நாயாகிவிடும், கணுக்கால் அளவில் 27 கிலோவாகவே இருக்கும். தொட்டியை அரைகுறையாக நிரப்பிவிட்டு “பாரம் குறைக்கிறோம்” என்று சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் மட்டத்தை இறக்குவதற்கு வேறு வேலை உண்டு. காலைத் தூக்கி மடக்கப் பழக்கவும், சதை ஏறிய பிறகு பாரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இறக்குவார்கள். எந்த வாரம் எந்த மட்டம், எதற்காக என்று ஆபரேட்டருக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

தையல் பிரித்து, புண் ஆறிய பிறகுதான் தொட்டி. முதல் நாள் 2 நிமிடம் நடை, ஓய்வு, மறுபடி 2 நிமிடம் என்று மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் 28 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில், ஏசி இல்லாத ஷெட்டில், வெதுவெதுப்பான தண்ணீரில் பக் மாதிரி சப்பை மூக்கு நாயை நடத்துவது ஆபத்து. நாக்கின் நுனி அகலமாகிக் கரண்டி போல வளைந்தால், விரல் நுனி பெல்ட்டில் இழுபட ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும். இரண்டையும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று நீங்களே பார்க்கலாம். தண்ணீரை எப்போது மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். அடக்க முடியாமல் மலம், மூத்திரம் போகும் நாய்கள் இறங்கும் தொட்டி அது. வெளியே வந்ததும் விரல் இடுக்கு, காது, தொடை இடுக்கு மூன்றும் நன்றாகக் காய வேண்டும். ஜூன், ஜூலை மழையில் ஈர முடியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் விரலுக்கிடையே சிவந்து நாறும்.

தொட்டிக்குப் பதிலாகக் குளத்தில் நீந்தவிட்டால் போதாதா என்று பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எல்லாரும் கேட்பார்கள். குளமும் வாய்க்காலும் வாசலிலேயே இருக்கின்றன. போதாது. நீந்தும்போது நாய் பெரும்பாலும் முன்னங்காலால்தான் தள்ளும், பலவீனமான பின்னங்கால் சும்மா மிதக்கும், இல்லாவிட்டால் பயத்தில் உதறும். இறங்கும்போதும் ஏறும்போதும் பாசி பிடித்த படித்துறையில் ஒரு வழுக்கல் போதும், லிகமெண்ட் ஆபரேஷன் வீணாகும். இதோடு எலிக்காய்ச்சல். மழைக்காலக் கேரளத்தில் தேங்கிய தண்ணீர் நாய்க்கும் ஆபத்து, கூட இறங்கும் மனிதனுக்கும் ஆபத்து.

கரண்ட் வைத்தியத்தில் இரண்டு வகை இருக்கிறது, கிளினிக்குகள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கும். வலி மறக்கவைப்பது 80 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 80 துடிப்பு) மேலே ஓடும், சதை துடிக்காது. சதையை இழுக்கவைப்பது 25 முதல் 50 ஹெர்ட்ஸ், 10 வினாடி ஓடி 30 முதல் 50 வினாடி ஓயும், தொடை இறுகுவது கண்ணுக்குத் தெரியும். சதை கரைந்த நாய்க்கு இரண்டாவது வேண்டும். முடி மழிக்காமல் பேட் ஒட்டினால் எதுவும் உள்ளே போகாது. வலிப்பு வரும் நாய்க்கு வேண்டாம்.

மசாஜும் ஒத்தடமும் வீட்டிலேயே முடியும், அவற்றுக்குத் தனிக் கட்டணம் கொடுக்காதீர்கள். அடிபட்ட முதல் 3 நாள் ஈரத் துணி சுற்றிய ஐஸ், 15 நிமிடம். அதற்குப் பிறகு வெந்நீர் ஒத்தடம். உணர்வு செத்த காலில் சூடு வைக்கவே வேண்டாம், வெந்தாலும் நாய் சொல்லாது.

இந்தப் பக்கத்தில் தைலப் பழக்கம் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. பாட்டி முட்டிக்குத் தேய்க்கும் கர்ப்பூராதி தைலத்தில் கற்பூரம் இருக்கிறது. நாய் நக்கும், பூனை நக்கியே தீரும். கற்பூரம் இரண்டுக்கும் விஷம், வலிப்பே வரலாம். வலிநிவாரணி பாம்களும் அப்படியே. மாத்திரையில் இன்னும் கவனம். பாராசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். மனிதருக்கான இப்யூபுரூஃபன், டைக்லோஃபினாக் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டர் கொடுத்த வலி மருந்தைச் சாப்பாட்டோடு கொடுங்கள். ஸ்டீராய்டோடு சேர்க்கக் கூடாது. மலம் தார் போலக் கறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே போன் செய்யுங்கள்.

நல்ல மையம் என்றால் வீட்டுத் தரையைப் பற்றிக் கேட்கும். கேட்காத மையம் பாதி வேலையை விட்டுவிட்டது. புது வீடுகளின் வழுவழு டைல்ஸ், பழைய வீடுகளின் மெருகேறிய சிவப்பு ஆக்சைடு தரை, இரண்டும் இடுப்பு பலவீனமான நாய்க்குப் பனிக்கட்டி மாதிரி. பின்னங்கால்கள் இரண்டும் இரு பக்கமும் விலகி விழுந்தால் உள்தொடைச் சதை கிழியும், வாரம் முழுதும் ஏற்றிய சதை அரை வினாடியில் போகும். 6 மி.மீ. யோகா பாய்களை நுனியோடு நுனி டேப் போட்டு ஒட்டி, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வராந்தா வரை பாதை போடுங்கள். சாக்கு டைல்ஸில் நாயோடு சேர்ந்து வழுக்கும். கயிற்று மிதியடி வழுக்காது, ஆனால் பாதத்தை மடக்கி இழுக்கும் நாயின் விரல் மேல்தோலை உரித்துவிடும். நகத்தை வெட்டி, பாதத்தின் அடியில் வளரும் முடியையும் கத்தரியுங்கள். இந்த இரண்டும் செய்யாமல் விலை கொடுத்து வாங்கிய ரப்பர் சாக்ஸ் எதற்கும் உதவாது.

வீட்டுப் பயிற்சிச் சீட்டு எழுதித் தருகிறார்களா, ஒருமுறை உங்கள் கையால் செய்யவைத்துப் பார்க்கிறார்களா என்பது அடுத்த சோதனை. மூட்டை மடக்கி நீட்டும் பயிற்சி இப்படித்தான் இருக்க வேண்டும்: நல்ல கால் கீழே இருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கை மூட்டுக்கு மேலே, ஒரு கை கீழே. மெதுவாக மடக்கி, நாய் முகத்தைத் திருப்பும் புள்ளிக்கு ஒரு விரலளவு முன்பே நிறுத்தி, அங்கே கொஞ்சம் பிடித்து, பிறகு நீட்ட வேண்டும். 10 முதல் 15 முறை, நாளுக்கு மூன்று வேளை. பாதத்தைப் பிடித்து இழுப்பது தப்பு, இழுப்பு முழுவதும் மூட்டில் விழும். சைக்கிள் மிதிப்பது போல் வேகமாகச் சுற்றுவதும் தப்பு.

நடக்கத் தொடங்கிய நாய்க்கு உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரோரமாக நிறுத்தி. இரண்டு முட்டியும் சமமாக மடங்கி நேராக உட்கார வேண்டும், ஒரு காலைப் பக்கவாட்டில் வீசி உட்கார்ந்தால் அந்த முறை கணக்கில் சேராது. 5 முறையில் தொடங்கலாம். முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பை நாயின் தோள் உயர இடைவெளியில் நாலைந்து தரையில் போட்டுத் தாண்ட வையுங்கள், ஒரு வாரம் கழித்து ஓட்டுத் துண்டு வைத்து உயர்த்தலாம், பின்கணுக்காலைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை எழும்போது நொண்டல் கூடியிருந்தால் முந்தைய நாள் அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள். தெரபிஸ்ட் “சிட்” என்று சொல்லிவிட்டு நாய் கேட்கவில்லை என்று எழுதுவதையும் கவனியுங்கள். வீட்டில் “உக்காரு” என்று பழகிய நாய் அது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எடை குறைப்பும் சிகிச்சைதான். குண்டான மூட்டுவலி நாயின் உடல் எடையில் 6 சதவீதம் இறங்கினாலே நொண்டல் குறைவது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. 35 கிலோ லாப்ரடாருக்கு அது 2 கிலோ சொச்சம். இட்லி, பிஸ்கட், மீன்சோறு மிச்சம் நின்றால் இறங்கும்.

மையங்களின் கண்ணாடி அலமாரியில் விற்கும் சாமான்களில் இடுப்புத் தூக்குப்பட்டை வாங்கலாம். கைப்பிடி நீளம் மாற்றக்கூடியதாக, நீங்கள் குனியாமல் பிடிக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். ஆண் நாய்க்கு மூத்திரம் போகும் இடத்தில் வெட்டு விட்டுத் தைத்த பட்டையாகப் பாருங்கள். பாதம் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள், கால்கள் தொங்கினால் நடப்பது நீங்கள்தான், நாய் இல்லை.

சக்கர வண்டியை ரெடிமேடாக எஸ், எம், எல் என்று வாங்க வேண்டாம். தரையிலிருந்து முதுகு உயரம், இடுப்பு அகலம், அக்குளிலிருந்து வால் அடி வரை நீளம் மூன்றும் அளந்து செய்தது வேண்டும். பின்பக்கம் உயர்ந்திருப்பதுதான் பெரும்பாலான வண்டிகளின் குறை, எடை முழுக்கத் தோளில் ஏறி இரண்டு வாரத்தில் முன்னங்காலும் நோகும். முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் சந்திலும் சரளையிலும் சின்னக் கெட்டி ரப்பர் சக்கரம் புதையும், காற்றடைத்த பெரிய சக்கரம் கேளுங்கள். முதல் நாள் 5 நிமிடம், ஆள் கூடவே. வண்டியில் கட்டியபடி நாய் படுக்க முடியாது. கழற்றியதும் தொடை இடுக்கிலும் அக்குளிலும் சிவப்பு இருக்கிறதா பாருங்கள். அடக்க முடியாத நாய்க்கு மூத்திரப் பையை நாளுக்கு மூன்று நான்கு முறை அழுத்தி வெளியேற்ற வேண்டும், அதை டாக்டர் உங்கள் கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும். மூத்திர ஈரம் காயாத தோலில், மழைக்கால ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைக்கும்.

பூனைக்குத் தொட்டி வேண்டாம். காரில் அலைவதே அதற்குப் பெரிய தண்டனை. லேசரும் வீட்டில் விளையாட்டுக் குச்சியால் எட்டவைக்கும் பயிற்சியும் போதும்.

கடைசியாகப் பயணம். ஒன்றரை மணி நேரம் பின்சீட்டில் வளைவுக்கு வளைவு சறுக்கி வரும் நாய் 20 நிமிட அமர்வின் பலனை ரோட்டிலேயே விட்டுவிடும். முதுகு நோய் உள்ள நாயென்றால் கூண்டுக்குள், இரு பக்கமும் சுருட்டிய போர்வை முட்டுக்கொடுத்து. கால் நோய் உள்ள நாயென்றால் சீட்டின் கால் வைக்கும் பள்ளத்தை அடைத்துச் சமதளமாக்கி, மேலே அதே யோகா பாய். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் கதவைத் திறக்கும் முன்பு தூக்குப்பட்டைக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசனை தெரிந்ததும் நாய் தானாகக் குதிக்கும், ஆபரேஷன் ஆன காலிலும் அடி விழும்.